நெய்யூர் மருத்துவமனையும் வாய்ப்புற்று ஆய்வும்

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்திலுள்ள நெய்யூரில் இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப்பணி 1838-இல் தொடங்கியது. பின்னாளில் அது புற்றுநோயின் காரணத்தைத் தேடும் ஆய்வுக்கும் களமாயிற்று. அவ்வாய்வின் வரலாற்றுப் பெறுமதியை இக்கட்டுரை ஆராய்கிறது.

பென்டாலின் தொகுப்பு

நெய்யூர் மருத்துவர் டபிள்யூ. சி. பென்டால், திருவிதாங்கூர்ப் புற்றுநோயாளர் 1,700 பேரைப் பற்றிய தொகுப்பை 1908-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதில் வாய்ப்புற்றே மேலோங்கியிருந்தது.

இது மருத்துவமனையை நாடி வந்தோரின் கணக்கேயன்றி, நாட்டு மக்கள் அனைவரின் கணக்கன்று. கன்னத்திலும் நாவிலும் தோன்றும் புண் கண்ணுக்குப் புலப்படும், உண்ணவிடாது வருத்தும், ஆதலின் நோயாளி மருத்துவரை நாடுவார். முதுமையில், உடலுக்குள்ளே மெல்ல வளரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் போன்றவை அக்காலத்தில் கண்டறியப்படாமலே போயிருத்தல் கூடும். எனவே இத்தகைய பதிவுகளில் ஒரு நோய் அருகிக் காணப்படுவதை அந்நோய் அருகியிருந்தமைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

ஓரின் ஆய்வும் அதன் தொடர்ச்சியும்

இயான் எம். ஓர் 1933-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றை எடுத்துக்கொண்டு காரணம், நோயியல், சிகிச்சை மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவை சேர்த்தே மெல்லப்பட்டமையால் நோய்க்கு வித்து எது எனப் பிரித்தறிதல் எளிதாக இல்லை. மணவினையிலும் விருந்திலும் மதிப்பின் அடையாளமாக விளங்கிய தாம்பூலத்தை ஐயுறுவதும் எளிதன்று.

இவ்வினா ஓரிடத்தில் தீரவில்லை. 1955-இல் சங்வி, ராவ், கனோல்கர் ஆகியோர் பம்பாயிலிருந்து புகையிலைப் பழக்கத்திற்கும் மேல் உணவுப்பாதைப் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை ஆய்ந்து எழுதினர். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இல் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்குத் தானேயும் அத்தகையனவே என்னும் அதன் முடிவு 2004-இல் வெளியாயிற்று. புகையிலையை மட்டும் விலக்கினால் போதும் என்னும் நம்பிக்கைக்கு இதன்பின் இடமில்லை.

முடிவுரை

இவ்விரு கட்டுரைகளின் தலைப்பிலும் திருவிதாங்கூர் என்ற பெயரே உள்ளது. நெய்யூரை உள்ளடக்கிய தென்வட்டங்கள் 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆதலின் குமரி மாவட்டச் சமூக வரலாற்றை எழுதுவோர் பழைய அரசின் பெயரிலும் சான்று தேடுதல் வேண்டும். தாம்பூலத்தின் பண்பாட்டுச் சிறப்பைப் பேசும் வரலாறு, அதனால் நோயுற்றோரின் பதிவையும் தன்னுள் கொள்ளுதல் தகும்.