பிரித்தலைக் குறிக்கும் சொற்கள்

ஒன்றிலிருந்து இன்னொன்றை வேறாக்குவதற்குத் தமிழில் பொதுச்சொல் ‘பிரித்தல்’. பொட்டலத்தையும் பிரிக்கலாம், நண்பர்களையும் பிரிக்கலாம். ‘பகுத்தல்’ முழுமையைப் பகுதிகளாகக் காண்பது, பங்கிடுவதையும் குறிக்கும். இலக்கணத்தில் பகுபதம், பகாப்பதம் என்ற பெயர்கள் இதிலிருந்து வந்தவை. ‘வகுத்தல்’ கணக்கிலும் திட்டத்திலும் வழங்குகிறது.

கூர்ந்து பார்க்க வேண்டிய சொல் ‘ஒதுக்குதல்’. ‘மாணவிக்கு இடம் ஒதுக்கினார்கள்’ என்றால் உரிமை கிடைக்கிறது. ‘மாணவியை ஒதுக்கினார்கள்’ என்றால் உறவு பறிபோகிறது. வினை ஒன்றே, நான்காம் வேற்றுமை தருகிறது, இரண்டாம் வேற்றுமை தள்ளிவைக்கிறது. சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டவர்களுக்கான பரிகாரமும் ‘இடஒதுக்கீடு’ என்றே பெயர் பெற்றிருப்பது தமிழ்ச் சமூக வரலாற்றின் ஆழமான தடயம். ‘விலக்குதல்’ என்பதற்கும் இரு முகங்கள் உண்டு. அது தடையாகவோ (மதுவிலக்கு) விடுபடலாகவோ (வரிவிலக்கு) அமையும்.

சமையற்கட்டுச் சொற்களின் நுட்பம் அகராதிகள் பலவற்றில் மங்கிப்போகிறது. முறத்தில் தானியத்தை மேலே எழுப்பித் தட்டி உமியைப் பறக்கவிடுவது புடைத்தல். முறத்தை மெல்ல அசைத்து நொய்யை ஒதுங்கவைப்பது கொழித்தல். மாவைச் சல்லடையில் இட்டு அசைப்பது சலித்தல். அரிசியை நீரில் அலசியெடுத்துக் கல்லை அடியில் தங்கவிடுவது அரித்தல். கீரையில் பழுத்த இலையையும் முற்றிய தண்டையும் நீக்குவது ஆய்தல். ‘ஆய்வு’ என்ற கல்விச் சொல்லுக்கும் இதே வினைதான் அடிப்படை.