நுளம்புக் கணக்கெடுப்பும் பாடசாலைக் கணிதமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவை ஒட்டிய கிண்ணியா, 2017 மார்ச்சில் டெங்குவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அவ்வாண்டு இலங்கை முழுவதும் 186,101 நோயாளர் பதிவாகினர். 440 பேர் இறந்தனர். வகுத்துப் பார்த்தால் இறப்பு வீதம் ஏறத்தாழ 0.24 சதவீதம். வகுத்தல் எளிது, பின்னத்தின் பகுதியில் எந்த எண்ணை வைப்பது என்பதே கடினம். அறிகுறியின்றித் தொற்றுக்கு உள்ளானவர்கள் அந்த 186,101 பேரில் இல்லை. பாடநூல் பகுதியைத் தானே கொடுத்துவிடுகிறது. சுகாதாரப் பிரச்சினைகளைக் களத்தில் ஆராய்ந்து கணிதம் கற்கும்போது மாணவரே அதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இம்முறையின் தனிப் பயன் அதுதான்.

டெங்கு நுளம்பைக் கண்காணிக்கும் மூன்று சுட்டிகள் இதற்கு நல்ல களம். 40 வீடுகளில் நீர் நிற்கும் 120 கொள்கலன்களைப் பார்த்து, 4 வீடுகளில் 6 கொள்கலன்களில் குடம்பி கிடைத்ததாகக் கொள்வோம். வீட்டுச் சுட்டி 10, கொள்கலன் சுட்டி 5, நூறு வீடுகளுக்கு எத்தனை கொள்கலன் எனச் சொல்லும் பிரெட்டோ சுட்டி 15. முதலிரண்டும் சதவீதம், மூன்றாவது அப்படியல்ல, நூறையும் தாண்டலாம். இந்த வேறுபாட்டில் தடுமாறாத மாணவர் குறைவு. அடுத்த சிக்கல் இன்னும் சுவையானது: வெறும் தயிர்ச்சட்டியும் முற்றத்துக் கிணறும் இங்கு ஒவ்வொன்றாகவே எண்ணப்படுகின்றன. கிணற்றில் பல மடங்கு குடம்பிகள் இருக்கலாம். அதனால்தான் ஆய்வாளர் சிலர் கூட்டுப்புழுக்களை எண்ணி, ஆளுக்கு எத்தனை எனக் கணிக்கிறார்கள்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கையில் இதற்கு நேரமேது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் சதவீதம், விகிதம், தரவு எல்லாம் ஏற்கெனவே பாடத்திட்டத்தில் உள்ளவை. அவற்றுக்கான பாடவேளைகளில் சிலவற்றை மாற்றினாலே போதும். வாய்பாட்டுப் பயிற்சிக்கு இது மாற்றல்ல என்பதையும் ஒப்ப வேண்டும்: வகுக்கத் தெரியாதவருக்குச் சுட்டி எதையும் சொல்லாது.

வலுவான ஆட்சேபம் வேறு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடமளிப்பது குற்றம். எனவே அயல்வீட்டுக்குள் பிள்ளைகளை அனுப்புவது கணக்கெடுப்பைக் கோள்மூட்டலாக்கிவிடும். பாடசாலை வளாகமும், பெயர் குறிக்காமல் பதியப்படும் மாணவர் வீடுகளுமே தகுந்த எல்லை. அப்படிச் சேரும் தரவு எழுமாற்று மாதிரி ஆகாது. அதிலிருந்து கிண்ணியாவைப் பற்றியோ அயலூரான மூதூரைப் பற்றியோ முடிவு சொல்ல முடியாது. ஏன் முடியாது என்று விளக்கச் சொல்வதையே அடுத்த பாடமாக வைக்கலாம்.