நாயனக்காரர் மகனும் சாக்ஸபோனும்

எங்க அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர். ஆனா எங்க பெரியப்பா உளி பிடிக்கல, நாயனம் பிடிச்சார். கல்யாணத்துக்கு சாக்ஸபோன் செட்டு பேச ஆரம்பிச்சதும் அவருக்கு முகூர்த்தம் குறைஞ்சுபோச்சு. அதனால கத்ரி கோபால்நாத் பேரை எடுத்தாலே எரிஞ்சு விழுவார்.

வேடிக்கை என்னன்னா கத்ரியும் நாயனக்காரர் பிள்ளைதான். 1949ல தென் கன்னடத்துல பிறந்தவர். அப்பா தனியப்பா நாதஸ்வர வித்வான். பையன் மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸபோனைக் கேட்டான், அதோட மனசு போயிடுச்சு.

ஆசைப்பட்டா ஆச்சா? நாயனத்துல விரல் நேரா துளை மேலயே இருக்கும். பாதி மூடி, மெல்ல நகர்த்தி, கமகத்தை இழுத்துக்கலாம். சாக்ஸபோன்ல துளையை மூடுறது சாவி. விரலுக்கும் காத்துக்கும் நடுவுல இரும்புக் கம்பி, திண்டு எல்லாம் நிக்குது. தோடியை எப்படி வளைக்கிறது? சாவிகள்ல சில மாத்தம் பண்ணி, மிச்சத்தை உதட்டாலயும் மூச்சாலயும் சரிக்கட்டினார். மங்களூர்ல கோபாலகிருஷ்ண ஐயர், அப்புறம் சென்னையில டி.வி.கோபாலகிருஷ்ணன்னு குருமார்கள். வருஷக்கணக்கா உழைப்பு சாமி. நமக்கெல்லாம் ஆறு மாசத்துல கீபோர்டு அலுத்துடுது :-)

1980ல பம்பாய் ஜாஸ் விழாவுல அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டி இவர் வாசிப்பைக் கேட்டுட்டு, கூட சேர்ந்து வாசிச்சார். 1994ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல பிபிசி கச்சேரி. அதே வருஷம் 'டூயட்' படம். ராகம் ராகமா வாசிச்சுக் காட்டி, கடைசியில கல்யாண வசந்தத்துலதான் ரஹ்மான் முகம் மலர்ந்ததுன்னு பேட்டியில சொல்லியிருக்கார். 2004ல பத்மஸ்ரீ.

என்னைக் கேட்டா, படத்தை விட அவரோட கச்சேரி ஆலாபனைதான் ஒசத்தி. படத்துல ராகம் தொட்டுட்டு ஓடிடும், கச்சேரியில உக்காந்து பேசும். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா சில இடத்துல நாயனம்னே தோணும். இதைப் பெரியப்பாகிட்ட சொல்ல எனக்கு தைரியம் வந்ததில்ல.

2019 அக்டோபர் 11, கத்ரி மங்களூர்ல காலமானார். டிவியில அவரோட கல்யாண வசந்தம் ஓடிட்டு இருந்துச்சு. பெரியப்பா திண்ணையிலேர்ந்து எழுந்து உள்ள வந்து, முழுசாக் கேட்டார். வலது கை விரல் தொடை மேல அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

"இவரு புள்ளைங்க வாசிக்கிறாங்களா?"ன்னு கேட்டார்.

"ஒரு பையன், மணிகாந்த், சினிமாவுக்கு மியூசிக் போடுறாரு பெரியப்பா"ன்னேன்.

"ம்"னு சொல்லிட்டு வெளிய போயிட்டார். எங்க அண்ணன், அவர் பிள்ளை, திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான்.