ஸ்டென்ட்டும் இரத்த உறைவும்

இதயத் தமனியின் அடைப்பைப் பலூன் கொண்டு விரிக்கும் சிகிச்சையை 1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் தொடங்கிவைத்தார். விரித்த குழாய் மீண்டும் சுருங்கியதால் அதைத் தாங்கிப் பிடிக்க ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாய் தேவைப்பட்டது. 1986இல் பிரான்ஸின் துலூஸில் ஜாக் புவேலும் சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிச் சிக்வார்ட்டும் முதல் ஸ்டென்ட்டுகளைப் பொருத்தினர்.

புதிய கருவி புதிய ஆபத்தையும் கொண்டுவந்தது. உலோகத்தை அந்நியப் பொருளாகக் காணும் இரத்தத்தில் தட்டணுக்கள் ஒட்டித் திரளும். காயம்பட்ட தமனிச் சுவரில் எழும் அழற்சி இந்த உறைவை மேலும் தூண்டும். 1991இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், 105 நோயாளிகளில் ஏறத்தாழ கால்பங்கினருக்கு ஸ்டென்ட் முழுமையாக அடைபட்டிருந்தது.

தொடக்கத்தில் ஹெபாரின், வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பு மருந்துகள் தரப்பட்டன; ஆனால் இரத்தக்கசிவுதான் மிகுந்தது. மிலானில் அன்டோனியோ கொலம்போ, ஸ்டென்ட்டை அதிக அழுத்தத்தில் முழுமையாக விரித்தால் உறைவு குறையும் என்று காட்டினார். உறைவெதிர்ப்பு மருந்துகளைவிட, தட்டணுக்கள் திரள்வதைத் தடுக்கும் ஆஸ்பிரினுடன் டிக்லோபிடின் சேர்ப்பதே மேலானது என்பதை 1996இல் மியூனிக் ஆய்வு உறுதிசெய்தது. பின்னர் டிக்லோபிடினின் இடத்தைக் குளோபிடோக்ரெல் பிடித்தது.

ஸ்டென்ட் பொருத்திய பின்னும் நேர்ந்த மறுசுருக்கத்தைத் தடுக்க மருந்து பூசிய ஸ்டென்ட்டுகள் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஆனால் அந்த மருந்து, தமனியின் உட்படலம் வளர்ந்து உலோகத்தை மூடுவதைத் தாமதப்படுத்தியது. மருந்தைத் தாங்கிய பாலிமர் சிலரிடம் நீடித்த அழற்சியை உண்டாக்கியது. விளைவாக, ஓராண்டுக்குப் பிறகும் உறைவு நேர்ந்தது. 2006இல் பார்சிலோனா இதயவியல் மாநாட்டில் இது பெரும் விவாதமானது. அடுத்த தலைமுறை ஸ்டென்ட்டுகள் மெல்லிய கம்பிகளுடனும் உடலுக்கு இசைவான பாலிமருடனும் வந்தபின் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது.