மூச்சுத் தவறிய சிசுவின் கண்

தாமிரபரணிக் கரையிலுள்ள பாளையங்கோட்டைக்குக் கல்வியால் வந்த கீர்த்தியில், சர்ச் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த ஆஸ்க்வித் அம்மையார் 1890-ஆம் ஆண்டில் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளிக்குத் தனி ஸ்தானம் உண்டு. அக்காலத்தில் வைசூரியாலோ கண்நோயாலோ பார்வை இழந்தவர்களின் கருவிழியில் பூ விழுந்திருக்கும். காரணம் கண்ணுக்கே தெரியும். ஆனால், பிறந்தவுடன் வீறிட்டு அழாமல் நீலம் பாரித்துக் கிடந்து, மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துப் பாதத்தில் தட்டிய பின்னரே மூச்சு வாங்கிய சிசு, விழி தெளிந்திருந்தும் தாயின் முகத்தை நாடாதபோது, ஊரார் பூர்வஜன்ம வினை என்று சொல்லி அமைந்தனர். அந்தத் தீர்ப்பு தாயின்மேல்தான் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

லண்டன் வைத்தியர் வில்லியம் ஜான் லிட்டில், பிரசவ வேளையின் மூச்சுத்திணறல் சிசுவின் அவயவங்களை முடக்கும் என்று 1861-லேயே எடுத்துரைத்திருந்தார். பிராணவாயு குன்றினால் பார்வை நரம்பு வெளிறக்கூடும், விழித்திரையும் பாதிக்கப்படலாம் என்பதும், பலரிடத்தில் கண் பழுதின்றியே இருக்க, மூளையின் பிற்பகுதியே சேதமுறுகிறது என்பதும் பிற்காலத்தில் தெளிந்தவை. விசித்திரம் என்னவென்றால், குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த வாயுவே மிகுந்தாலும் விழித்திரை கெடும் என்பதை, மெல்போர்ன் நகரத்து வைத்தியர் கேட் காம்ப்பெல் 1951-இல் சுட்டிக்காட்டினார்.