வாங்கத் தெரிந்த தீவு, வைத்திருக்கத் தெரிந்த மாநிலம்

மாத்தளை நகரில் ஒரு பாமசி. பல்லேகமப் பக்கமிருந்து ரிவர்ஸ்டன் வளைவுகளைக் கடந்து, ரத்தோட்டை வழியாக பஸ்ஸில் வந்த ஓர் அம்மா, கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து நீட்டினார். சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை இலவசமாகக் கிடைத்துவிட்டது. கொலஸ்ட்ரோல் குளிசை மட்டும் கையிருப்பில் இல்லை என்று, வெளியில் வாங்க எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாதத்துக்கான விலையைக் கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பத்து நாளைக்குத் தாங்க மல்லி” என்று சிங்களத்தில் சொன்னார். கத்தரிக்கோல் குளிசை அட்டையை வெட்டியது. மீதி இருபது நாளை அவர் எப்படிக் கடத்துவார் என்று கடைக்காரர் கேட்கவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

1951இலேயே அரச ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ஒழித்த நாடு இது. அப்படியிருந்தும் இந்தத் துண்டு ஏன் எழுதப்படுகிறது? விடை தேட இரண்டு அரச நிறுவனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: 1971இல் கொழும்பில் பிறந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், 1994இல் சென்னையில் பிறந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்.

முன்னதற்கு மூளையாக இருந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் தந்த அறிக்கையின்மேல்தான் கூட்டுத்தாபனம் எழுந்தது. அவரே முதல் தலைவர். ஒரே மருந்து பத்துப் பெயரில், பத்து விலையில் இறங்குவதை அவர் நிறுத்தினார். ஏறத்தாழ 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகளை 600 அளவுக்குச் சுருக்கி, நாட்டுக்கே ஒரே வாங்குநராக நின்று, உலகம் முழுவதும் கேள்விப்பத்திரம் கோரினார். சின்னத் தீவாக இருந்தாலும் மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும் என்று காட்டினார். 1977இல் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டு, ஐ.நா. ஆலோசகராகப் போன கயானாவில் பிபிலே காலமானார். இங்கே திறந்த பொருளாதாரம் வந்தது; கூட்டுத்தாபனத்தின் தனியுரிமை போனது.

தமிழ்நாட்டில் சிக்கல் வேறு. இந்தியாவில் மருந்து உற்பத்திக்குக் குறைவில்லை. அரசு ஆஸ்பத்திரியில்தான் மருந்து இருக்கவில்லை. கழகம் அதனால் கிடங்கிலிருந்து தொடங்கியது. மாவட்டந்தோறும் கிடங்கு கட்டி, எல்லாவற்றையும் கணினியில் இணைத்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிப் புத்தகம் போல ஒரு பாஸ்புக் கொடுத்தது; அதிலுள்ள தொகை வரை தனக்கு வேண்டிய மருந்தை ஆஸ்பத்திரியே எடுத்துக்கொள்ளலாம். வந்திறங்கும் மருந்து ஆய்வகத்தில் தேறிய பிறகுதான் நோயாளியிடம் போகும். அட்டையிலேயே அரசு முத்திரை இருப்பதால் அதைக் கடையில் வைத்து விற்க முடியாது. எந்தக் கிடங்கில் எது குறைகிறது என்பது, தீர்ந்துபோவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இங்கே சோதனை 2022 பொருளாதார நெருக்கடியில் வந்தது. இலங்கை தன் மருந்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை வந்து, 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டிருந்தது. ஆனால் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360ஐ நோக்கி ஏறியபோது உச்ச விலை தாங்கவில்லை. மார்ச்சில் 29 வீதமும், ஏப்ரல் இறுதியில் 60 மருந்துகளுக்கு 40 வீதமும் விலை ஏறியது. 2023 ஜூனில் இறங்கியது 16 வீதம்தான். விலைக்கட்டுப்பாடு கடை வாசலில் நிற்கும் காவல். நாணயம் சரியும்போது, கிடங்கில் மாதக்கணக்கில் இருப்பு உள்ளவனே தப்புவான். அந்த நெருக்கடியில் தமிழ்நாடு நமக்கு அனுப்ப முன்வந்த உதவியில் அரிசியோடும் பால்மாவோடும் 137 வகை உயிர்காக்கும் மருந்துகளும் இருந்தன. மருந்துகளின் மதிப்பு மட்டும் 28 கோடி இந்திய ரூபாய்.

தமிழ்நாட்டை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. அரசு வாசலைத் தாண்டித் தனியார் டாக்டரிடம் போனால், அவர் எழுதும் கம்பெனிப் பெயரே விலையைத் தீர்மானிக்கிறது. 2025 பிப்ரவரியில், மலிவு விலையில் மருந்து விற்கும் 1,000 முதல்வர் மருந்தகங்களை அரசு திறக்க வேண்டி வந்ததே அதற்குச் சான்று. நம் ஊரில் கூட்டுத்தாபனத்தின் மருந்துக்கடையான ஒசுசல அந்த வேலையை அரை நூற்றாண்டாகச் செய்து வருகிறது. இந்த விஷயத்தில் மூத்தவர்கள் நாம்தான்.

ஆனால் வீட்டு வாசல்வரை போவதில் அவர்கள் முந்திவிட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அன்றிலிருந்து சீனிக்கும் பிரஷருக்குமான மருந்தைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். பல்லேகமவை நினைத்துப் பாருங்கள். பழைய பட்டினம் களு கங்கை நீர்த்தேக்கத்தில் மூழ்கி, புதிய இடத்தில் புது நகரம் எழுந்த ஊர் அது. ஒரு ஊரையே பெயர்த்து வைக்க முடிந்த அரசுக்கு, ஒரு மாதக் குளிசையை மலைக்கு அந்தப்புறம் கொண்டுபோய்க் கொடுக்க முடியாதா?

என் தீர்ப்பு இது: விலையை இறக்கும் வழியை உலகுக்குக் காட்டியது இலங்கை, இறக்கிய விலையில் வாங்கியதைத் தீராமல் வைத்திருக்கும் வழியைக் காட்டியது தமிழ்நாடு. பிபிலேயின் கேள்விப்பத்திரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கிடங்கும் பாஸ்புக்கும் மாத்தளைக்கு வர வேண்டும். அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: துண்டு எழுதும்போது மருந்தின் பொதுப் பெயரைக் கேட்டு எழுதுவியுங்கள். முதலில் ஒசுசலயில் விலை கேளுங்கள். காசு போதாவிட்டால் அதை டொக்டரிடமே சொல்லுங்கள், மலிவான மாற்று இருக்கலாம். முப்பது நாள் குளிசையை மட்டும் பத்து நாளாக வெட்டாதீர்கள்.