சட்டை கிடைச்சது, இடம் கிடைச்சதா?



'காவல் துறையில் பெண்ணுக்குக் கடினமானது உள்ளே நுழைவதா, உள்ளே நிலைப்பதா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "கதவைத் திறந்து விட்டாப் போதும், அப்புறம் எல்லாம் தானா நடக்கும்"னு சொல்லிட்டுப் போனார். அண்ணே, கல்யாணமாகி வாசப்படி மிதிச்ச மருமககிட்ட கேட்டுப் பாருங்க, நுழையறது கஷ்டமா, நிலைக்கிறது கஷ்டமான்னு! (சிரிப்பு, கைதட்டல்)

இந்த வரலாற்றில் ஆரம்ப காலத்துக் கதை ஒன்று சொல்றேன். 1910ஆம் வருஷம். அமெரிக்காவிலே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸ் என்ற அம்மையார் ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, மனுக் கொடுத்து, நகரப் போலீசில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அங்கே போலீஸ்காரருக்கு டிராமில் டிக்கெட் கிடையாது. பேட்ஜைக் காட்டினால் போதும். இந்த அம்மா காட்டினால் கண்டக்டர் நம்பணுமே? "புருஷன் பேட்ஜைத் தூக்கிட்டு ஓசியில போறியா"ன்னு சண்டைக்கு வந்துட்டார்! (சிரிப்பு) கடைசியில் துறையே அவருக்குத் தனி பேட்ஜ் செய்து கொடுத்தது. 'பெண் போலீஸ், எண் 1'. சரி, வேலை என்ன கொடுத்தாங்க? நடன அரங்கு, சறுக்கு விளையாட்டுக் கூடம், சினிமாக் கொட்டகை, அங்கே வர்ற பெண்களையும் பிள்ளைகளையும் கவனிச்சுக்கிறது. கதவைத் திறந்த கையோடு ஒரு மூலையையும் காட்டிட்டாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1973இல் தமிழ்நாடு காவல் துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். மொத்தம் 22 பேர்! 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. அது நல்ல காரியம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆண்கள் நடுவே வாய் திறக்க முடியாத எத்தனையோ பெண்கள் அங்கே போய் அழுது புகார் கொடுத்தார்கள். பிற்பாடு அந்த நிலையங்கள் இருநூறைத் தாண்டின. ஆனா காக்கி போட்ட பெண்ணுக்கு அங்கே என்ன கேஸ்? வரதட்சணை, குடும்பத் தகராறு, புருஷன் பொண்டாட்டி சமாதானம். கொலையும் கொள்ளையும் பெரும்பாலும் அடுத்த ஸ்டேஷன் ஆண்களுக்குப் போயிரும். ஆலிஸ் அம்மாவுக்குக் காட்டின அதே மூலைதாங்க!

அதைவிடப் பெரிய கொடுமை ஒண்ணு இருக்கு. எங்க ஊர்த் திருவிழாவுக்கு பந்தோபஸ்து வந்த ஒரு பெண் காவலர், கொளுத்தற வெயில்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. மனசு கேக்காம ஒரு டம்ளர் மோர் கொண்டு போய் நீட்டினேன். "வேணாம்மா. குடிச்சா அப்புறம் எங்கம்மா போறது?"ன்னாங்க. எனக்குப் பதில் தெரியலை. தாகத்தையே அடக்கி வேலை பார்க்கணும்னு எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் பாடம் நடத்தலியே!

முதலமைச்சர் போகிற சாலைகளில் பெண் காவலர்களைப் பாதுகாப்புக்கு நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது 2021இல். 1973 எங்கே, 2021 எங்கே? 48 வருஷம்! கழிப்பறை இல்லாத ரோட்டில் ஒரு பெண் நாள் பூரா நிற்கக் கூடாதுங்கிறது புரிய, 48 வருஷம்! (கைதட்டல்)

சேர்ந்தவர்கள் எண்ணிக்கையையும் கேளுங்க. நூற்றுக்கு 33 பேர் பெண்களாக இருக்கட்டும் என்று மத்திய உள்துறை மாநிலங்களுக்கு அறிவுரை சொன்னது 2009இல். 2022 தொடக்கத்தில் நாடு முழுக்கக் கணக்கெடுத்தால் 12 பேர்கூட இல்லை. ஆனா ஒரு பெண்ணைச் சோதனை போடணும்னா சட்டப்படி பெண்தான் போடணும். ராத்திரியில் ஒரு பெண்ணைக் கைது செய்யணும்னாலும், அவசியமிருந்தால்தான், அதுவும் பெண் அதிகாரி மூலமாத்தான்னு 2005இல் திருத்தம் வந்தது. அப்ப நடுராத்திரி யாருக்குப் போன் வரும்? வீட்டுல கைக்குழந்தையோட இருக்கிற அந்த ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான்!

எதிரணி அடுத்து என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும். 1972இல் ஐ.பி.எஸ். ஆன கிரண் பேடி, 1975 குடியரசு தின அணிவகுப்பில் டெல்லி போலீஸ் ஆண்கள் அணிக்கே தலைமை தாங்கினார் என்பீங்க. நம்ம திலகவதி என்பீங்க. 2010இல் டி.ஜி.பி. ஆன லத்திகா சரண் என்பீங்க. எல்லாம் உண்மை, நானும் கை தட்டறேன். பதவி வந்தா பாரம் போயிருமா?

2021. ஒரு பெண் எஸ்.பி. சாதாரணப் பதவியா? அவரிடம் தவறாக நடந்தவர், சிறப்பு டி.ஜி.பி. பதவியில் இருந்தவர். புகார் கொடுக்கச் சென்னைக்கு வந்துகொண்டிருந்த அந்த அம்மாவின் காரை, பாதி வழியில் போலீசே மறித்தது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. 2023இல் விழுப்புரம் நீதிமன்றம் அந்த மேலதிகாரிக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. (பலத்த கைதட்டல்)

நுழைஞ்சு, படியேறி, எஸ்.பி.யும் ஆனதுக்கு அப்புறம் நடந்ததுங்க இது. எதிரணி அண்ணன் எந்தக் கதவைப் பத்திப் பேசினார்னு நடுவர் அவர்களே கேட்டுச் சொல்லுங்கள்.